சிலைக்கு யார் முகம்

நான் சிலையாக நின்றது என் நாத்தனாருக்காக. என் வீட்டுக்காரரின் தங்கை அவள், ஓவியக்காரி. எங்கள் குடியிருப்பின் மேல்மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து அறையில்தான் அவள் வேலை செய்கிறாள். பல நூறு வருஷத்துக்கு முந்தைய பக்திக் கதைகளை எடுத்து, அவை இன்றைக்கு நம் வீட்டுக்குள் நடப்பது மாதிரி வரைவாள். நோயாளியைக் கட்டித் தழுவிய துறவி அவள் படத்தில் பஸ் நிறுத்தத்தில் நிற்பார். பாம்பரசனை அடக்கிய கன்னி, கையில் பிளாஸ்டிக் பையோடு மாடிப்படி ஏறுவாள். பின்னணி மட்டும் அந்தக் காலத்துப் படங்களில் இருப்பது போல முழுக்கத் தங்கத் தாள். ஒருமுறை வாஷிங் மெஷினின் வட்டக் கதவைச் சுற்றி ஒளிவட்டம் போட்டாள். அதைப் பார்த்து யாரோ ஒருவர் அழுதாராம். எனக்கு ஊறவைத்த துணி ஞாபகம் வந்து, நான் கீழே ஓடினேன்.

அவள் படங்களில் வருகிறவர்கள் எல்லோரும் குடும்பத்து ஆட்கள்தான். என் வீட்டுக்காரர் பலமுறை பிச்சைக்காரராக நின்றிருக்கிறார், ஒரே ஒரு முறை பேராயராக. பேராயராக நின்ற வாரம் முழுவதும் வீட்டில் அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூடக் கையைத் தூக்கிச் சைகை காட்டினார். "எந்திரிச்சுப் போய்க் குடிங்க சாமி" என்று சொன்ன பிறகுதான் பழைய மனிதர் ஆனார்.

என் முறை வந்தபோது, அவள் எனக்கு ஒரு கதை சொன்னாள்.

"ஒரு கன்னியர் மடம் அண்ணி. அங்க ஒரு சின்னப் பொண்ணு வாசல் காவல். ஒரு நாள் அவளுக்கு வெளியுலகத்தப் பாக்கணும்னு ஆசை வந்துடுது. சாவிக்கொத்த மாடத்துல இருக்கிற கல் சிலையோட காலடியில வச்சிட்டுக் கிளம்பிடறா. எங்கெங்கயோ சுத்திட்டுப் பல வருஷம் கழிச்சுத் திரும்பி வந்தா, அவ போனதே ஒருத்தருக்கும் தெரியல. ஏன்னா அந்தச் சிலை எறங்கி வந்து, அவ உருவத்துலயே அவ வேலையெல்லாம் பாத்துக்கிட்டு இருந்திருக்கு."

"அத்தன வருஷமா?"

"அத்தன வருஷமா."

"அதுக்கு யாராவது ஒரு வாய் தண்ணி குடுத்தாங்களா?"

"அண்ணி, அது கல்லு."

"கல்லுன்னா என்ன? வேல பாத்துச்சில்ல?"

அவள் சட்டென்று பென்சிலைக் கையில் எடுத்தாள். "அதத்தான் வரையப் போறேன்" என்றாள். "எல்லாரும் ஓடிப்போன பொண்ணு கதையாத்தான் இதச் சொல்லுவாங்க. நான் சிலை கதையா வரையறேன். நீங்கதான் சிலை."

நான் வாய் திறக்காமல் ஒப்புக்கொண்டேன். வாய் திறக்காமல் நான் ஒன்றை ஒப்புக்கொள்வது எங்கள் வீட்டில் அதிசயம். காரணம் இருந்தது. அந்தக் கதை என் கதை.

என் அம்மா எங்களோடு இருக்கிறாள். அவளுக்கு நாங்கள் இரண்டு பெண்கள். நான் பெரியவள், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் அரை நாள் வேலை. இளையவளை எல்லோரும் குட்டி என்றுதான் கூப்பிடுவோம். அவள் பயணிகள் கப்பலில் சமையல்காரி. ஒரு ஒப்பந்தம் முடிவதற்குள் அடுத்ததில் கையெழுத்துப் போட்டுவிடுவாள். கரைக்கு வந்தால் போன் செய்வாள், போனில் கடல் சத்தமும் அவள் சிரிப்பும் கேட்கும்.

அம்மாவுக்கு ஞாபகம் தேய ஆரம்பித்த பிறகு ஒரு மத்தியானம், அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். நான் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். "குட்டி வரட்டும், அவ குடுத்தாத்தான் சாப்பிடுவேன்" என்றாள். கெஞ்சிப் பார்த்தேன், அதட்டிப் பார்த்தேன், சூப் ஆறிப்போயிற்று. எனக்குப் பொறுமை போய், குட்டி மாதிரியே குரலை உயர்த்தி, கன்னத்தில் ஒரு முத்தமும் வைத்து, "நான்தான்டி அம்மா குட்டி! ஆ காட்டு!" என்றேன். அம்மா சிரித்தாள். ஆ காட்டினாள். கிண்ணம் காலியாயிற்று.

அன்றிலிருந்து அம்மாவுக்கு நான் குட்டி. குட்டியாக இருப்பது லேசான வேலை இல்லை, கேட்டுக்கொள்ளுங்கள். குட்டிக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு வரும், அர்த்தமில்லாமல் பாடுவாள், கொஞ்சுவாள். எனக்கு இதில் ஒன்றும் பிறவியில் வராது. அம்மா அறைக் கதவுக்கு வெளியே நின்று, சிரிப்பை ஒட்டிக்கொண்டு உள்ளே போவேன். வெளியே வந்ததும் தாடை வலிக்கும். நாடகக்காரிக்குக்கூட இடைவேளை உண்டு.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். என்னால் பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது. அம்மாவின் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பேன், அவள் என் தலையைத் தடவிக்கொண்டே ஆரம்பிப்பாள்.

"நீ இருக்கப் போய் நான் இருக்கேன் குட்டி. உங்க அக்கா எட்டிப் பாக்கறாளா பாரு. பெத்தவ இருக்காளா போயிட்டாளான்னு கேக்கறதுக்கு ஒரு வார்த்த கெடையாது அவளுக்கு."

நான் என்ன சொல்வேன்? "வருவாம்மா, வேல அதிகமாம்" என்பேன்.

"என்ன பொல்லாத வேல! நீயும் அவளுக்கு வக்காலத்து வாங்காத."

அவள் காலைப் பிடித்துக்கொண்டே எனக்கு நானே வக்காலத்து வாங்கித் தோற்றுப்போவேன். பெரியவளும் இங்கேதான் இருந்தாள் என்று, எல்லாம் மறந்துபோவதற்குள் ஒரே ஒரு தடவை அம்மாவுக்குத் தெரிந்துவிட வேண்டும். எனக்கு வேறு ஆசையே கிடையாது. ஆனால் சொன்னால் அம்மா குழம்புவாள், அழுவாள், அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. ஒரு தடவை சொல்லிப் பார்த்து, இரண்டு நாள் பட்டிருக்கிறேன்.

ஆகவே, மாடியில் போய்ச் சிலையாக நின்றேன். கடையிலிருந்து வந்ததும் ஒரு மணி நேரம், வீட்டில் போட்டுக்கொள்ளும் அதே நைட்டியில், இடுப்பில் சாவிக்கொத்தோடு. நான்கு பெரிய மரப் பலகைகள். முதலாவதில் பெண் வாசலைத் தாண்டுகிறாள். இரண்டாவதில் சிலை மாடத்திலிருந்து கீழே இறங்குகிறது. மூன்றாவதில் அது தரையைத் துடைக்கிறது. நான்காவதில் பெண் திரும்பி வருகிறாள். இறங்குகிற பலகைக்காக நான் ஒரு ஸ்டூலின் மேல் நின்று, ஒரு காலை அந்தரத்தில் வைத்திருக்க வேண்டும். கால் மரத்துப் போகும், கெண்டைச் சதை இழுக்கும், நான் திட்டுவேன், அவள் காதில் வாங்க மாட்டாள். தங்கத் தாள் ஒட்டுகிற நாட்களில் திட்டவும் தடை. செம்மண் பூச்சின் மேல் மூச்சை ஊதி ஈரமாக்கி, தாளைத் தூரிகை நுனியால் தூக்கி வைப்பாள். அப்போது யாராவது தும்மினால் தங்கம் பறந்துவிடும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

முகத்தை அவள் எப்போதும் கடைசியில்தான் வரைவாள். உடம்பு, துணி, அறை, தங்கம் எல்லாம் முடியும்வரை கழுத்துக்கு மேலே வெறும் முட்டை வடிவம்தான் இருக்கும். அதுவும் ஆள் கண் முன்னால் இல்லாமல் முகத்தில் கை வைக்க மாட்டாள். அது அவள் பிடிவாதம். அதனால் சிலை வருகிற இரண்டு பலகைகளின் முட்டைகளிலும் என் முகம்தான் வரப்போகிறது என்று நான் பாட்டுக்கு நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் குட்டியிடமிருந்து போன் வந்தது. கப்பல் பழுதுபார்க்கப் போகிறதாம், அவளுக்கு விடுமுறை, வருகிறாளாம். மாடிக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். நாத்தனார் தூரிகையை வைத்துவிட்டுக் கையைத் தட்டினாள்.

"நல்லதாப் போச்சு! முகத்த முடிச்சிடலாம்."

"யார் முகத்த?"

"குட்டி முகத்த. நாலு பலகையிலும்."

எனக்குச் சுருக்கென்றது. "நாலுலயுமா? ரெண்டுல நின்னது நான்."

"கதையே அதுதானே அண்ணி. சிலை அவ உருவத்துலதான் வருது. ரெண்டு முகமும் ஒண்ணா இல்லேன்னா, பாக்கறவங்களுக்குக் கதை புரியாது."

"புரியாமப் போகட்டும்! கால் மரத்தது எனக்கு, முகம் அவளுக்கா? நைட்டி எனது, இடுப்பு எனது, தொடைக்கிற கை எனது, முகம் மட்டும் அவளுதா? கீழதான் அப்படின்னா மேலயுமா?"

சாவிக்கொத்தைக் கழற்றி மேசையில் எறிந்தேன். அது போய்த் தங்கத் தாள் கட்டின் மேல் விழுந்து, தாள்கள் அறை முழுக்கப் பறந்தன. "தங்கம்! தங்கம்!" என்று அவள் அலறினாள். நான் திரும்பிப் பார்க்காமல் இறங்கி வந்துவிட்டேன். என் தலைமுடியில் தங்கம் ஒட்டியிருப்பதைக் கண்டு, என் வீட்டுக்காரர், "என்ன, விசேஷமா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

குட்டி இரண்டு பெட்டிகளோடும் ஒரு பெரிய சிரிப்போடும் வந்து இறங்கினாள். அவள்மேல் எனக்கு ஆத்திரம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவளைக் கண்டதும் அது நிற்காது, அதுதான் அவளிடம் தொல்லை. கட்டிப் பிடித்துக்கொண்டோம். செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மா அறைக்குள் ஓடினாள்.

"அம்மா! குட்டி வந்துட்டேன்!"

அம்மா திடுக்கிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டாள். குட்டியை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அவளைத் தாண்டி என்னைப் பார்த்தாள்.

"குட்டி, யாரு இவங்க? இப்படிக் கத்தறாங்க?"

குட்டியின் கைகள் விரித்தது விரித்தபடி நின்றுவிட்டன. அம்மா மரியாதை தெரிந்தவள். "உக்காருங்கம்மா" என்று அவளுக்கு நாற்காலியைக் காட்டினாள். "எம் பொண்ணு டீ போடுவா. என் சின்னப் பொண்ணு. இவதான் என்னப் பாத்துக்கறா."

இப்படி ஒரு நாள் வரும் என்று நான் எத்தனையோ முறை மனசுக்குள் பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருக்கும், பொய் சொல்வானேன். அது நிஜமாக வந்தபோது ஒரு துளி சந்தோஷம்கூட வரவில்லை. குட்டி குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வெகு நேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் அடுக்களையில் என் பக்கத்தில் வந்து நின்றாள். "எவ்வளவு நாளா உன்னக் குட்டின்னு கூப்பிடறா?"

"ரொம்ப நாளா."

"என்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"என்னன்னு சொல்லுவேன்? உன் பேரத் தூக்கி நான் வச்சுக்கிட்டேன்னா?"

அதே நேரம் பார்த்து உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "குட்டி! விருந்தாளியெல்லாம் வராங்க, உங்க அக்காவுக்கு மட்டும் வழி தெரியலயா? அவளுக்கு நான் என்ன கொற வச்சேன்?"

குட்டி முதல் தடவையாக அதைக் கேட்கிறாள். "அம்மா, அக்கா இங்கதானே..." என்று கிளம்பியவளின் கையைப் பிடித்து நிறுத்தினேன். "விடு. சொன்னா அழுவா, சாப்பிட மாட்டா" என்று சொல்லிவிட்டு, சிரிப்பை ஒட்டிக்கொண்டு நான் உள்ளே போனேன். கதவருகே நின்று குட்டி என்னைப் பார்த்தாள். அவள் சிரிப்பையே அவள் கண் முன்னால் சிரிப்பது எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் அவள் முகம் கொடுக்க மாடிக்குப் போனாள். நான் கேட்கவில்லை, ஆனால் நாத்தனார் வந்து நடந்ததைச் சொன்னாள். வாசல் தாண்டுகிற பெண்ணுக்கும், திரும்பி வருகிற பெண்ணுக்கும் குட்டி உட்கார்ந்திருக்கிறாள். திரும்பி வருகிற முகம் தானாகவே அமைந்துவிட்டதாம், சொல்லித் தர வேண்டியிருக்கவில்லையாம். சிலை இருக்கிற பலகையைத் தாங்கியில் தூக்கி வைத்ததும் எழுந்துவிட்டாளாம். "இதுல என் முகத்த வைக்காதீங்க. இது நான் இல்ல" என்றாளாம். எவ்வளவோ சொல்லியும் உட்காரவில்லையாம்.

"அண்ணி, நீங்க வந்து உக்காருங்க."

"மாட்டேன்."

"கோவமா?"

"ஆமா, கோவம்தான். அவ வேணாம்னு விட்டத எனக்குக் குடுக்கறியா? முட்டையாவே விட்டுடு. பொரிச்சுத் தின்னுக்கோ."

அவளும் சளைத்தவள் இல்லை. அடுத்த நாளிலிருந்து, முகத்தை அதில் எடுத்துப் பெரிய பலகைகளுக்கு மாற்றிக்கொள்ள ஒரு சின்னப் பலகையோடு எங்கள் அடுக்களையில் வந்து உட்கார்ந்துவிட்டாள். நான் காய் நறுக்கினால் எதிரே இருப்பாள், அம்மாவின் மாத்திரைகளைப் பிரித்தால் எதிரே இருப்பாள், ஈரத் துண்டைத் தரையில் போட்ட மனிதரை நான் விரட்டும்போதும் எதிரேதான் இருப்பாள். வரைந்துகொள், எனக்கென்ன என்று இருந்தேன். சிரிக்கச் சொன்னால் சிரிப்பதில்லை என்று தீர்மானம் செய்திருந்தேன். அவள் சிரிக்கச் சொல்லவே இல்லை.

அந்த நாட்களில் குட்டி வீட்டு வேலையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தாள். கப்பலில் பழகிய கை, குறைத்துச் சமைக்கத் தெரியவில்லை. எங்கள் மாடியில் எல்லா வீட்டுக்கும் கிண்ணம் கிண்ணமாகக் கொடுத்தும் மீந்தது. அம்மாவுக்கு அவள் "அந்த அம்மா". "அந்த அம்மா கை நல்லாருக்கு குட்டி" என்று என்னிடம் சொன்னாள் ஒரு நாள். நான் போய் அதை அப்படியே அவளிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, அம்மாவுக்கென்று இன்னொரு கிண்ணம் எடுத்து வைத்தாள்.

படங்களைக் காட்சிக்கு வைத்தார்கள். பழைய சரக்குக் கிடங்கு ஒன்றை வெள்ளையடித்து, கூடம் ஆக்கியிருந்தார்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டுதான் போகவேண்டும் என்று குட்டி ஒற்றைக்காலில் நின்றாள். கூட்டத்தில் பயந்துவிடுவாள் என்று நான் சொல்லிப் பார்த்தேன். யார் கேட்டார்கள்? பகல் வெளிச்சம் இருக்கும்போதே, சக்கர நாற்காலியில் அம்மாவை உட்காரவைத்து, என் வீட்டுக்காரர் தள்ள, போய்ச் சேர்ந்தோம்.

உள்ளே நுழைந்ததும் எதிர்ச் சுவரில் நான்கு பலகைகளும் இருந்தன. தங்கம் கண்ணைப் பறித்தது. அந்தத் தங்கத்துக்கு நடுவே, நைட்டி போட்டுக்கொண்டு, ஒரு காலை அந்தரத்தில் வைத்தபடி நான். என் முகத்தைப் பார்த்து எனக்கே தூக்கிவாரிப் போட்டது. உதடு இறுகி, புருவம் நெரிந்து, கன்னம் ஒரு பக்கம் உப்பி, "இப்ப என்ன வேணும் உங்களுக்கு?" என்று கேட்கிற முகம். பக்கத்தில் தரை துடைக்கிற பலகையிலும் அதே முகம். இதையா ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது? ஒரு கொலை செய்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவது என்று நாத்தனாரைத் தேடினேன்.

அவள் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். கண்ணாடி போட்ட ஒருவர் அவளிடம், "சிலை ஏன் இவ்வளவு கோவமா இருக்கு? கதையில அது சாந்தமாத்தானே இருக்கணும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். "அத்தன வருஷம் தொடச்சிருக்கே சார்" என்றாள் அவள்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று அம்மாவின் குரல் கேட்டது. என் வீட்டுக்காரர் நாற்காலியை நிறுத்தினார். அம்மா முன்னால் சாய்ந்து, இறங்குகிற பலகையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்துவிட்டாளோ என்று நான் ஓடிப் போய், குனிந்து, குட்டியின் சிரிப்பைச் சிரித்தேன்.

"என்னம்மா பாக்கறே?"

"பெரியவ" என்றாள் அம்மா.

நான் திரும்பிப் படத்தைப் பார்த்தேன்.

"நல்லாப் பாரு, பெரியவளேதான். மூஞ்சிய எப்படித் தூக்கி வச்சிருக்கா பாரு. சின்னதுலருந்தே இப்படித்தான். எல்லா வேலையும் பாப்பா, மூஞ்சிய மட்டும் இறக்க மாட்டா." அம்மா சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு நின்றது. "இவ இங்கயா இருக்கா?"

குட்டிதான் முழங்காலிட்டு அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"ஆமாம்மா. இங்கயேதான் இருந்தா. எங்கயும் போகல."

அம்மா அந்த அந்நியப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள், நம்பினாள். "நான் என்னென்னவோ பேசிட்டேனேம்மா. வரவே இல்ல, வரவே இல்லன்னு வாய்க்கு வந்ததெல்லாம் பேசிட்டேன். எம் பொண்ணு இங்கயேவா இருந்தா?" என்றாள். கண்ணிலிருந்து வழிந்ததை முந்தானையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் படத்தை நிமிர்ந்து பார்த்தாள். தூக்கிய காலையும், நைட்டியின் ஈர விளிம்பையும், இடுப்புச் சாவியையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

பிறகு என் பக்கம் திரும்பி, என் கன்னத்தில் கையை வைத்தாள்.

"குட்டி, உங்க அக்காவ எறங்கி வந்து உக்காரச் சொல்லு. எவ்வளவு நேரம் நிப்பா? அம்மா சொன்னேன்னு சொல்லு."

"சொல்றேம்மா" என்றேன். சிரிப்பு என் முகத்தில் நிற்கவில்லை, நானும் அதைப் பிடித்து வைக்கவில்லை. குட்டி எங்கிருந்தோ ஒரு நாற்காலியை இழுத்து வந்து என் பின்னால் போட்டாள். நான் உட்கார்ந்தேன்.